சம்மத விளக்கு

“முப்புடாதி உச்சி வெயில்ல நடுரோட்டுல மயங்கி…” என்பது வரைக்கும்தான் அமலோற்பவம் சொன்னாள். மேசையின் நடுவில் இருந்த விளக்கு பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறிவிட்டது.

எதிரே உட்கார்ந்திருந்த ஆலங்கரை மாநகராட்சி ஆணையர் விசாகன் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். நல்ல மனிதர்தான். துக்க வீட்டுக்கு வந்தவர்போல முகத்தை வைத்துக்கொண்டு, “மன்னிக்கணும்மா, எல்லாரும் எழுந்திரிக்கணும்” என்றார்.

“இந்த ஒரு வாக்கியத்தையாவது முடிச்சுக்கிறேன் சார்.”

“கூடாதும்மா. சிவப்பு எரியுறப்ப நீங்க சொல்றது என் காதுல விழுந்தாலே எனக்கு மெமோ வரும்.”

கொசு ஒழிப்புப் பிரிவின் மேற்பார்வையாளரும் மாநகராட்சிப் பணியாளர் சங்கத்தின் பொதுச்செயலாளருமான அமலோற்பவம், வாயில் பாதி வாக்கியத்தோடு எழுந்து நின்றாள். அவளுக்கு இது புதிது. அவள் வாய்க்குப் பயந்து மாற்றல் வாங்கிக்கொண்டு போன அதிகாரிகள் உண்டு. முன்பிருந்த ஆணையர் ஒருவர், சங்கத்தோடு பேச்சுவார்த்தை என்றால் ரத்த அழுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் காரை விட்டே இறங்குவார் என்று அவருடைய ஓட்டுநர் சொல்லியிருக்கிறார். அப்பேர்ப்பட்ட வாயை, எலுமிச்சம்பழ அளவு விளக்கு ஒன்று மூடிவிட்டது.

வெளியே நடைக்கூடத்துப் பெஞ்சில் முப்புடாதி காத்திருந்தாள். தெருக் கூட்டுகிறவள். மயங்கி விழுந்தவள் அவள்தான். சாட்சிக்கு வேண்டியிருக்கும் என்று அழைத்து வந்திருந்தார்கள்.

“என்னக்கா, அதுக்குள்ள வந்துட்டீங்க? நான் எப்படி விழுந்தேன்னு நடிச்சே காட்டலாம்னு இருந்தேன்.”

“விளக்கு செவப்பாயிருச்சு.”

“கரண்டு போயிருச்சா?”

“ஜனங்க மனசு போயிருச்சு” என்றபடி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான் பிச்சாண்டி. குப்பை லாரி ஓட்டுகிறவன், சங்கத்தின் பொருளாளர். “ஊர்ல எல்லார் காதுக்குப் பின்னாடியும் ஒரு பொட்டு ஒட்டியிருக்குல்ல?”

“எனக்கும்தான் ஒட்டியிருக்கு. அரிக்குது.”

“அது மனசுல ஓடுறதைப் படிக்குது. மாநகராட்சி ஊழியருங்க ஒண்ணா உக்காந்து தங்களுக்கு வேணுங்கிறதைக் கேக்கலாமா கூடாதான்னு. பாதிப் பேருக்கு மேல கேக்கலாம்னு நினைச்சாப் பச்சை. குறைஞ்சாச் செவப்பு. செவப்புன்னா நாம எந்திரிச்சுரணும். அதான் புதுச் சட்டம்.”

“நான் கேக்கலாம்னுதானே நினைக்கிறேன்.”

“நம்ம பொட்டு இதுல சேராது. நம்ம விஷயத்துல நாமளே சொல்லக் கூடாதாம்.”

முப்புடாதி காதைச் சொறிந்துகொண்டாள். “வாயால கேட்டாச் சொல்லிருவாங்களே ஜனங்க. எதுக்கு மனசைத் தோண்டணும்?”

இதற்கு அமலோற்பவமே பதில் சொன்னாள். “வாயால கேட்டுப் பாத்தாங்க. ‘பாவம், உழைக்கிற ஜனங்க, கேக்கட்டும்’னு எல்லாரும் சொன்னாங்க. அரசாங்கத்துக்கு நம்பிக்கை வரல. உள்ள என்ன இருக்குன்னு பாக்க இதைக் கண்டுபிடிச்சாங்க. உள்ள இப்படி இருக்கு.”

ஆலங்கரையில் கோடை இப்போது ஆண்டில் பாதிக்கு மேல் நீண்டுவிட்டது. உச்சி வெயில் நேரத்தில் மட்டும் தெருவேலை வேண்டாம், நிழலில் உட்கார விடுங்கள், அதற்குப் பதில் விடியுமுன்னே தொடங்கிக்கொள்கிறோம் என்பதுதான் சங்கத்தின் கோரிக்கை. அதைச் சொல்லி முடிக்க ஒரு நிமிடம் பச்சை எரிந்தால் போதும். அந்த ஒரு நிமிடம் கிடைக்கவில்லை.

பேருந்து நிலையத்தின் பெரிய திரையில் ஊரின் வரைபடம் எப்போதும் தெரியும். தெருத்தெருவாகப் பச்சை, சிவப்பு. ஆளுடைய மனசு ரகசியம், தெருவின் மனசு மட்டும் ஊருக்கே வெளிச்சம். இரண்டு பக்கத்தாரும் அதன் போக்கைப் படித்துக்கொண்டார்கள். குழாயில் தண்ணீர் வராத தெரு சிவக்கும். கிரிக்கெட்டில் ஜெயித்த மாலையில் ஊரே பச்சையாகும். மின்தடை அறிவிக்கப்பட்ட நாளாகப் பார்த்து ஆணையர் அலுவலகம் பேச்சுவார்த்தைக்கு அழைக்கும். சங்கமோ, ஊரார் பிரியாணி சாப்பிட்டுக் கண்ணயரும் ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலைக் கேட்கும். ஆணையருக்கும் அந்த நேரத்தில் கண்ணயர வேண்டியிருந்ததால் அது மறுக்கப்படும்.

“யக்கா, ஜனங்களுக்கு நம்மளைப் பிடிக்கல” என்றான் பிச்சாண்டி, அன்று மாலை சங்க அலுவலகத்தில். “பிடிக்க வெப்போம்.”

“நான் கொசு மருந்து அடிக்கிறவ. என்னை எப்படிடா பிடிக்கும்?”

“சிரிச்சுக்கிட்டே அடிங்க.”

இப்படித்தான் ஆலங்கரையில் இனிப்புக் காலம் தொடங்கியது. பிறப்புச் சான்றிதழ் பிரிவில் இருந்த ஞானசுந்தரி, தலையைத் தூக்காமலே “நாளைக்கு வாங்க” என்று சொல்லிப் பழகியவள். இப்போது தலையைத் தூக்கி, “குழந்தை யார் ஜாடை?” என்று விசாரித்தாள். வந்தவர்கள் பயந்துபோனார்கள். சொத்துவரிப் பிரிவில் மோர் கொடுத்தார்கள். பிச்சாண்டியின் குப்பை லாரி, தெருவாசிகள் கேட்ட பாட்டைப் போட்டுக்கொண்டு வந்தது. ஒரு தெருவில் கல்யாண வீட்டார் நாதஸ்வரம் கேட்டார்கள் என்று, மாப்பிள்ளை அழைப்புக்கு முன்னால் குப்பை லாரி ஊர்ந்து போனது. முப்புடாதி கூட்டி முடித்த வாசல்களில் கோலம் போட ஆரம்பித்தாள். இரண்டே நாளில், “நாளைக்கு மயில் போட்டுரும்மா, பேரனுக்குப் பொறந்தநாள்” என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

அமலோற்பவமும் சிரித்தாள். புகை அடிக்கிற இயந்திரத்தைத் தோளில் மாட்டியவர்களை வாசலில் நிறுத்திவிட்டு, “அடிக்கலாமாங்க?” என்று அனுமதி கேட்டாள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கொசுவும் ஓர் உயிர்தானே என்றார். பழைய அமலோற்பவமாக இருந்தால் அந்த வீட்டு மாடித் தொட்டியில் எத்தனை உயிர் நீந்துகிறது என்று அவரையே ஏறிப் பார்க்கச் சொல்லியிருப்பாள். புதிய அமலோற்பவம், “நல்ல மனசுங்க உங்களுக்கு” என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். வீடு திரும்பும்போது தாடை வலித்தது.

அவள் கணவர் சவரிமுத்து தோசையைப் பிட்டபடி அவள் முகத்தைப் பார்த்தார். கடைவீதியில் இருக்கிற பெரிய ஜவுளிக்கடையில் சேலைப் பகுதியில் விற்பனையாளர் அவர். நாள் முழுக்க வாடிக்கையாளரிடம் பேசிவிட்டு வருவதால் வீட்டில் அதிகம் பேச மாட்டார்.

“பல்லு வலியா அமலி?”

“ஜனங்களுக்குச் சிரிச்சுப் பழகுறேன்.”

“பழகினது மிச்சம் இருந்தா வீட்லயும் கொஞ்சம் சிரிக்கலாம்” என்றார் அவர், தோசையிடம் சொல்வதுபோல.

சிரிப்புக்குப் பலன் இருந்தது. திரையில் தெருக்கள் ஒன்றொன்றாகப் பச்சையாயின. பிரியம் வளர வளர வேலையும் வளர்ந்தது. கேஸ் சிலிண்டரை மாடிக்குத் தூக்கிக் கொடுப்பது, காணாமல்போன பூனையைத் தேடுவது, பள்ளி வேனைத் தவறவிட்ட குழந்தையைக் குப்பை லாரியில் கொண்டுபோய் இறக்குவது எல்லாம் மாநகராட்சி வேலையாகிவிட்டன. இவ்வளவும் அதே வெயிலில்.

“முன்னாடி ரோட்டுலதான் விழுந்தேன்” என்றாள் முப்புடாதி. “இப்ப மயில் மேலயே விழுந்துருவேன் போலிருக்குக்கா.”

“இன்னும் கொஞ்ச நாள்தான். பேசி முடிச்சிருவோம்.”

அடுத்த பேச்சுவார்த்தையில் விளக்கு மரகதப் பச்சையில் ஜொலித்தது. ஆணையரே எழுந்து வரவேற்றார். அவர் வீட்டுத் தெருவுக்குக் குப்பை லாரி கொண்டுவரும் பாட்டு அவர் மனைவிக்கு மிகவும் பிடித்துவிட்டதாம். நகரத் தொலைக்காட்சி எல்லாவற்றையும் நேரலையில் காட்டிக்கொண்டிருந்தது. அமலோற்பவம் தொண்டையைச் செருமிக்கொண்டு, தான் பாதியில் விட்ட வாக்கியத்தை முதலிலிருந்து தொடங்கி, முப்புடாதி விழுந்ததையும், அவளைத் தூக்குமுன் நாலு பேர் படம் எடுத்ததையும், உச்சி வெயிலில் நிழலில் உட்கார விட வேண்டும் என்பதையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். சொல்லி முடித்தாள். அதுவரை பச்சைதான்.

முடித்த பிறகு விளக்கு ஒரு முறை மினுங்கியது. பிறகு சிவப்பு.

“எனக்கே கஷ்டமா இருக்கும்மா” என்றார் ஆணையர், எழுந்துகொண்டே.

என்ன நடந்தது என்று மறுநாள் முப்புடாதி வந்து சொன்னாள். மயில் கோலம் கேட்ட நாலாவது தெரு வீட்டம்மா அவளை வாசலில் நிறுத்தி வைத்துக் கேட்டாளாம். “உன்னை எவ்வளவு நல்லவன்னு நினைச்சேன் முப்புடாதி. நீயும் கேக்குறவதானா?”

“நீ என்ன சொன்ன?”

“மயிலுக்கு ஒரு கண்ணு வெக்காம வந்துட்டேன்.”

அமலோற்பவம் பேருந்து நிலையத்துக்குப் போய்த் திரையின் முன்னால் நின்றாள். ஊர் முழுக்கச் சிவப்பு. எந்தத் தெரு மோசம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவளின் கண், மாதா கோயில் இரண்டாம் சந்தில் நின்றது. மிளகாய் வற்றல் நிறம். அது அவள் குடியிருக்கிற சந்து. அதில் மொத்தம் நாலு வீடு. இரண்டு வீடு, இருந்தவர்கள் வளைகுடாவுக்குப் போனதால் பூட்டிக் கிடக்கிறது. மூன்றாவதில் இருப்பவர் தொண்ணூறு வயதுப் பெரியவர். பொட்டை ஒட்ட வந்தவர்களைக் கைத்தடியால் விரட்டியவர். நாலாவது அவள் வீடு. அவள் மனசு இதில் சேராது.

மிச்சம் ஒருத்தர்தான்.

முதலில் கோபம்தான் வந்தது. எதிரி ஆணையர் அலுவலகத்தில் இருக்கிறான் என்று நினைத்தால், தோசை சுட்டுப் போடுகிற தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறான். மறுநாள் காலையில் சவரிமுத்து கடைக்குப் போகச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது நேராகவே கேட்டாள்.

“ஏங்க, நாங்க உக்காந்து பேசக் கூடாதுன்னு நினைக்கிறீங்களா?”

“யாரு சொன்னா?”

“நம்ம சந்து செவப்பா இருக்கு.”

இஸ்திரிப் பெட்டி சட்டைக் காலரின் மேல் நின்றது. “நான் அப்படி நினைக்கலியே.”

“வேற யாரு நினைச்சா? இஸ்திரிப் பெட்டியா?”

சேலை வாங்க வந்தவர்களிடம் நிறம் போகுமா போகாதா என்பதைச் சொல்லுமுன் யோசிப்பதுபோல, அவர் நேர்மையாக யோசித்தார்.

“நீ டிவியில பேசினப்ப கடையில எல்லாரும் பாத்தோம். நிழல்ல உக்காரணும்னு சொன்ன. நியாயம்தான்னு நினைச்சேன். அப்படி நினைச்சவுடனே எனக்குக் கால் வலிச்சுது.”

“உங்களுக்கு எதுக்கு வலிக்கணும்?”

“காலையில நின்னா, ராத்திரி கடை சாத்துற வரைக்கும் நிக்கிறேன். சட்டப்படி எங்களுக்கும் நாற்காலி போட்டுத்தான் இருக்கு. அதுல பட்டுச்சேலை கட்டின பொம்மையை உக்கார வெச்சிருக்காங்க. எழுப்பினா மடிப்புக் கலைஞ்சிருமாம். அந்தப் பொம்மை வருஷக்கணக்கா உக்காந்திருக்கு, நான் நிக்கிறேன். உனக்குக் கிடைக்கக் கூடாதுன்னு சத்தியமா நினைக்கல அமலி. உனக்குக் கேக்க ஒரு சங்கம் இருக்கு, எனக்கு யாரு இருக்கான்னு தோணுச்சு. இந்தப் பொட்டுக்கு அதுக்கெல்லாம் தனிக் கலர் கிடையாது போல.”

சங்கத்தில் யாருக்குச் சர்க்கரை, யாருக்கு முதுகுவலி என்பது அமலோற்பவத்துக்கு மனப்பாடம். இந்த மனிதருக்குக் கால் வலிக்கும் என்பதை ஊர்த் திரையில் போட்டுக் காட்ட வேண்டியிருந்தது. காலர் கருகுகிற வாசனை வந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இஸ்திரிப் பெட்டிக்குக் கை நீட்டினார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தின் நடுவே, மாநகராட்சிப் பணியாளர்கள் அந்த ஜவுளிக்கடைக்குள் நுழைந்தார்கள். லாரி ஓட்டுநர்கள், தெருக் கூட்டுகிறவர்கள், ஞானசுந்தரி, குழாய் திறக்கிறவர்கள் என்று ஒரு திருவிழாக் கூட்டம். எல்லாரும் சொந்த விடுமுறையில், சொந்தச் செலவில் வந்தவர்கள். முதலாளி தங்கப்பழம் கல்லாவிலிருந்து முகமெல்லாம் பல்லாக எழுந்து வந்தார்.

“வாங்க, வாங்க. யாருக்குக் கல்யாணம்?”

“எல்லாருக்கும் சேலை பாக்கணும் அண்ணாச்சி” என்றாள் அமலோற்பவம். சவரிமுத்துவுக்கு எதிரே ஜமக்காளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். மற்றவர்களும் அந்தந்த விற்பனையாளர் முன்னால் உட்கார்ந்தார்கள். சவரிமுத்து முதல் சேலையை விரித்தார். அவள் அண்ணாந்து பார்த்தாள்.

“சரியாத் தெரியலீங்களே அண்ணாச்சி.”

“வெளிச்சம் நல்லாத்தானேம்மா இருக்கு.”

“வெளிச்சம் இருக்கு. காட்டுறவரு ஒசரத்துல நிக்கிறாரு. அண்ணாந்து பாத்துக் கழுத்து வலிக்குது. உக்காந்து காட்டச் சொல்லுங்க, பாக்கிறோம்.”

தங்கப்பழத்துக்கு விளங்கிவிட்டது. பல் மறைந்தது. “அம்மா, இது உங்க மாநகராட்சி இல்ல. இவங்க உங்க சங்கமும் இல்ல.”

“சங்கம்னு யாரு சொன்னா? நான் சேலை எடுக்க வந்தவ. ஏங்க ஞானசுந்தரி, உங்களுக்குத் தெரியுதா?”

“எனக்கும் கழுத்து வலிக்குது” என்றாள் ஞானசுந்தரி. பிறகு பழக்க தோஷத்தில், “நாளைக்கு வரட்டுமா?” என்றாள்.

அப்போது யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. சம்பந்தமே இல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து சேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண், கையிலிருந்த சேலையைக் கீழே வைத்தாள். “எங்க ஆஸ்பத்திரியிலயும் இப்படித்தான் நிக்க விடுவாங்க. அவரு உக்காரட்டுமே” என்றாள். தனியார் மருத்துவமனையில் நர்ஸாம். அவளுக்கு அடுத்திருந்தவரும் பார்ப்பதை நிறுத்தினார். அவர் ஹோட்டலில் பார்சல் கட்டுகிறவர். கடை முழுக்க விரித்த சேலைகள் விரித்தபடி கிடந்தன. ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமையில் கல்லாப் பெட்டி திறக்காமல் இருப்பதைத் தங்கப்பழம் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை.

“சரி, உக்காருங்கப்பா” என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

முப்புடாதி போய்ப் பொம்மையின் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினாள். “எந்திரிம்மா. ரொம்ப நாள் உக்காந்துட்ட.” சவரிமுத்து நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகு கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அலமாரியும் எட்டவில்லை. மூன்று முறை தவறாகக் கையை நீட்டிவிட்டு, கடைசியில் மடியிலேயே ஒரு சேலையை விரித்தார். அது அவளுக்குப் பிடிக்காத நிறம். அதையே எடுத்துக்கொண்டாள்.

அன்று மாலையே திரையில் கடைவீதி பச்சையானது. அடுத்த நாள்களில் சங்க அலுவலகத்துக்கு யார் யாரோ வந்தார்கள். பள்ளி வேன் ஓட்டுகிறவர்கள், அந்த நர்ஸ், பார்சல் கட்டுகிறவர். எங்களுக்காகவும் வந்து பேசுவீர்களா என்று கேட்டார்கள். எங்கள் சங்கத்தில் உங்களைச் சேர்க்க முடியாது, எப்படிப் பேசுவது என்று வேண்டுமானால் சொல்லித்தருகிறோம் என்றாள் அமலோற்பவம். இனிப்புக் காலம் அதோடு முடிந்தது. கோலம் நின்றது. லாரி பாட்டில்லாமல் வந்தது. ஆசிரியர் வீட்டு மாடித் தொட்டியை அமலோற்பவமே ஏறிக் கவிழ்த்துவிட்டு, கொசுவைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிட்டு வந்தாள். ஆனாலும் தெருக்கள் பச்சையாகிக்கொண்டே போயின.

மூன்றாவது முறை பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்தபோது விளக்கு ஆடாமல் பச்சையாகவே எரிந்தது. உச்சி வெயிலில் தெருவேலை இல்லை என்று ஆணையர் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, “ஒரு விஷயம்மா” என்றார். “இந்த விளக்கு அரசாங்கத்துக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. இனிமே கடைகளுக்கும் உண்டாம். கடை ஊழியருங்க சங்கம் வெச்சுக்கலாம், முதலாளியோட உக்காந்து பேசலாம். வாடிக்கையாளருங்க மனசு பச்சையா இருந்தா.”

“நல்லதா கெட்டதா சார் இது?”

“எனக்குச் சொல்லத் தெரியலம்மா. எனக்குச் சங்கம் கிடையாது” என்றார் விசாகன், கொஞ்சம் ஏக்கத்தோடு.

ஜவுளிக்கடை ஊழியர்கள் சங்கம் வைத்தார்கள். சவரிமுத்துவைப் பேச்சாளராகத் தேர்ந்தெடுத்தார்கள். அவருக்குப் பேச வரும் என்று யாரும் நம்பவில்லை. இத்தனை வருடம் அமலோற்பவத்தோடு குடித்தனம் நடத்தியவருக்குக் கொஞ்சமாவது ஒட்டியிருக்கும் என்று நினைத்தார்கள். அவர்களுடைய முதல் கோரிக்கை, ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை. பண்டிகைக் காலத்திலும்.

பேச்சுவார்த்தை நடந்த மத்தியானம், அமலோற்பவம் பேருந்து நிலையத்து வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்தாள். வாங்கிக் கொடுத்த ஓய்வை அனுபவிக்க வேண்டுமல்லவா. பக்கத்தில் பிச்சாண்டி. அன்று கடை விஷயத்தைக் காட்டிக்கொண்டிருந்த திரை சிவந்துகொண்டே வந்தது.

“யக்கா” என்றான் பிச்சாண்டி மெதுவாக. “உங்க சந்து…”

“தெரியுது.”

கடை விஷயத்தில் சவரிமுத்துவின் பொட்டு சேராது. அமலோற்பவத்தின் பொட்டு சேரும். தை மாதத்தில் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். துணி எடுக்க அவளுக்குக் கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். அந்த நினைப்பு கொசு மாதிரி ஒரு தடவை காதோரம் வந்துபோனது உண்மைதான். அதை அடித்துவிட்டோம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

சவரிமுத்து வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினார். பாதி வாக்கியத்தில் எழுந்து வந்தவரின் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

“நான்தான்” என்றாள்.

“என்ன நீதான்?”

“நம்ம சந்து செவப்பு. கடை சாத்திட்டா எப்பத் துணி எடுக்கிறதுன்னு தோணிருச்சு. நான் தோணச் சொல்லல.”

சவரிமுத்து சிரித்துவிட்டார். அவர் வாய்விட்டுச் சிரித்து வெகுநாளாகியிருந்தது. பிறகு நாற்காலியை இழுத்து அவளுக்கு எதிரே போட்டுக்கொண்டு, கடையில் பேசுகிற குரலில் கேட்டார். “சொல்லுங்க. என்ன விசேஷம்? எத்தனை பேருக்கு எடுக்கணும்?”

“விளையாடாதீங்க.”

“விளையாடல. சனிக்கிழமை சாயங்காலம் வந்தா?”

“சனிக்கிழமை எனக்கு வேலை.”

“தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தின ஞாயிறு மட்டும் திறந்து வெச்சு, வேலை பாத்தவங்களுக்கு வேற நாள் லீவு விட்டா?”

“முகூர்த்த மாசம் முழுக்கத் திறங்க.”

“அது முடியாது.” இவ்வளவு உறுதியாக அவர் எதையும் மறுத்து அவள் கேட்டதில்லை. “கல்யாணமானதுல இருந்து நீ தனியாத்தான் பூசைக்குப் போற அமலி. கோயில்ல பாதிப் பேரு உன்னை விதவைன்னு நினைச்சுக்கிட்டிருக்காங்க. ஞாயித்துக்கிழமை நான் உன்கூட வரணும்.”

அமலோற்பவம் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். “இதை அங்க சொன்னீங்களா?”

“இதையெல்லாம் முதலாளிகிட்ட எப்படிச் சொல்றது?”

“முதலாளிக்கு எதுக்கு? டிவி பாக்கிறவங்களுக்குச் சொல்லுங்க. நீங்க பேசுறது அவங்ககிட்டத்தான்.”

தெருக்களில் சிவப்பு கொஞ்சம் வெளுத்திருந்த ஒரு நாளில் விளக்கு மறுபடி பச்சையானது. உட்கார்ந்ததும் சவரிமுத்து அதைச் சொன்னார். பேருந்து நிலையத்துத் திரையின் ஓரத்தில் அவருடைய முகம் தெரிந்தது. பண்டிகைக்கு முந்தின ஞாயிறை விட்டுக்கொடுத்தார், மற்றதை விட்டுக்கொடுக்கவில்லை. மனைவியோடு பூசைக்குப் போக வேண்டும் என்றார். அவருக்குப் பின்னால் இருந்தவர்களும் சொல்ல ஆரம்பித்தார்கள். ஒருத்தருக்கு மகனை நீச்சலுக்குக் கூட்டிப்போக வேண்டும். ஒருத்தருக்குச் சும்மா தூங்க வேண்டும். கடைவீதி அடர்பச்சையானது. நாலாவது தெரு பச்சையானது. ஆசிரியர் வீட்டுத் தெருகூடப் பச்சையானது. தங்கப்பழம் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினார். வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தவர்கள் கைதட்டினார்கள்.

அமலோற்பவமும் தட்டினாள். மனசு நிறைந்திருந்தது. பூசை முடிந்து ஞாயிற்றுக்கிழமை வீடு திரும்புகிற நேரத்தை நினைத்தாள். அவளுக்கென்று வாரத்தில் கிடைக்கிற ஒரே அரைநாள் அது. யாரும் எதுவும் கேட்காத வீடு. ஜன்னல் ஓரத்தில் கால் நீட்டி உட்கார்ந்து ஒரு டம்ளர் காப்பி. இனிமேல் இரண்டு டம்ளர். அப்புறம் மத்தியானச் சாப்பாடு என்ன என்று ஒருத்தர் கேட்பார்.

“யக்கா” என்றான் பிச்சாண்டி. “ஊரே பச்சையாயிருச்சு. உங்க சந்து மட்டும் இன்னும் செவப்பாவே இருக்கு.”

அமலோற்பவம் அவசரமாக வேறு எதையாவது நினைக்கப் பார்த்தாள்.

“எங்க பக்கம் சிக்னல் எப்பவும் லேட்டாத்தான் வரும்” என்றாள்.